தலைச்சேரித் தொகுதி உறுப்பினர் வி. ஆர். கிருஷ்ணய்யர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இவ்விழாவில் ஓர் அரசியல்வாதியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னவுடன் செயற்குழுவில் இரண்டொருவர் முகம் சுளித்தது உண்மை. கட்சி அரசியலைச் சங்கத்தின் வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவைப்பது நம் முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு. அதனைக் குறை கூற வரவில்லை. திருக்குறள் ஒப்புவித்தல், கோலப் போட்டி, பொங்கல் விழா, பங்குனியில் காவடி என்று ஆண்டு முழுதும் இன்புற்றிருக்கிறோம். ஆனால் விழா முடிந்து காப்பி அருந்தும் வேளையில் நாம் பேசுவதெல்லாம் அரசியலே; அதுவும் சென்னை அரசியலே. மதுரையில் எவர் நிற்பார், கோவையில் எவர் வெல்வார் என்பதையெல்லாம் அறிந்து வைத்திருக்கும் நாம், இக் காலனி அடங்கிய சட்டமன்றத் தொகுதியின் உறுப்பினர் பெயரைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

இப் பொருளை நாம் எடுத்துக்கொள்ள வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனிப் பிள்ளை ஒருவன் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது, சைக்கிளில் வந்த ஒருவர்மீது மோதிவிட்டான். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார், ஆயினும் வழக்கு வழக்குத்தான். ஜாமீன் கொடுக்க நம்மவர் நால்வர் ஓடினோம். இவ்வூரில் வீடோ நிலமோ உள்ளவர்தாம் ஜாமீன் நிற்கலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நால்வரில் ஒருவருக்குத் திருநெல்வேலியில் வயல் உண்டு. மற்றொருவருக்குத் திருச்சியில் வீடு உண்டு. இங்கே இருப்பதோ வாடகை வீடும் கம்பெனிக் குவார்ட்டர்ஸும். பிள்ளை ஓர் இரவைக் காவலில் கழித்தான். அவன் தாயார் அன்றிரவு நம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

மறுநாள் நம் வழக்கறிஞர் நண்பர் 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் படியை எடுத்து வந்தார். அதைக் காட்டிய பிறகு திருச்சி வீட்டுப் பத்திரம் போதும் என்றாயிற்று. அத் தீர்ப்பை எழுதியவர் யார் என்று கேட்டோம். கிருஷ்ணய்யர் என்றார். நீதிபதி கிருஷ்ணய்யரை நாடு அறியும். அவர் நீதிபதியாவதற்கு முன் மும்முறை மக்கள் மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், ஓர் அமைச்சரவையில் பொறுப்பு வகித்தவர், தோற்றவர், மீண்டவர், மறுபடியும் தோற்றவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

வைத்தியநாதபுரம் இராம ஐயர் கிருஷ்ணய்யர் பாலக்காட்டு அக்கிரகாரத்தில் பிறந்த தமிழர். அம் மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கணவாயைக் கடந்து சென்று குடியேறியவர்கள். தந்தையார் இராம ஐயர் மலபாரில் வழக்கறிஞர். ஆகவே மகன் வளர்ந்ததும் அங்கேதான். வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், நீதிமன்றத்தில் ஆங்கிலம். நம் பிள்ளைகளின் நிலையும் ஏறத்தாழ இதுதானே! பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியிலும், பின்னர்ச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். சென்னையிலேயே தங்கித் தொழில் நடத்தியிருக்கலாம். அந்நாளில் மயிலாப்பூர் வழக்கறிஞர்களுக்கு இருந்த செல்வாக்கு யாவரும் அறிந்ததே. அவரோ தலைச்சேரிக்குத் திரும்பினார்.

வட மலபாரின் நீதிமன்ற நகரம் தலைச்சேரி. சுற்றிலும் பீடி சுற்றுவோர், கைத்தறி நெய்வோர், பிறர் நிலத்தில் குத்தகைக்கு உழுவோர். இத்தகையோரின் வழக்குகளை அவர் ஏற்றார். பணம் கொடுக்க இயலாதவருக்கும் வாதாடினார். அந்நாளில் மலபாரில் உழவர் கிளர்ச்சியும் கம்யூனிஸ்ட் இயக்கமும் தீவிரமாக இருந்தன. காவலர் அடக்குமுறையும் அதற்குக் குறையாமல் இருந்தது. விசாரணை என்ற பெயரில் காவலர் செய்த கொடுமையை எதிர்த்து அவர் குரல் கொடுத்தார். 1948-இல், கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று குற்றஞ்சாட்டி ஒரு மாதம் அவரையே சிறையில் வைத்தனர். கட்சிக்காரருக்காகச் சிறைக்குள் சென்று வந்த வழக்கறிஞர், இப்பொழுது தாமே கைதியாக அதனைக் கண்டார். அந்த ஒரு மாதத்தைப் பின்னாளில் அவர் மறக்கவே இல்லை என்பதற்கு அவருடைய செயல்களே சான்று.

1952-இல் வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை அளித்த முதற் பொதுத்தேர்தல் வந்தது. மலபார் அப்பொழுது சென்னை இராஜ்யத்தின் ஒரு மாவட்டம். கூத்துப்பறம்புத் தொகுதியில் எக் கட்சியையும் சேராத சுயேச்சையாக நின்று கிருஷ்ணய்யர் வென்றார். தமிழ் வீட்டில் பிறந்தவருக்கு மலையாள மக்கள் வாக்களித்தனர். அவர்கள் எவரும் அவருடைய வீட்டு மொழியைக் கேட்டு வாக்களித்ததாகத் தெரியவில்லை. தம் வழக்கை யார் எடுத்து நடத்தினார் என்பதையே நினைத்திருப்பர். நம்மிடம் சிலர் கேட்பதுண்டு: ‘வெளியூரில் நம்மை யார் மதிப்பார்கள்?’ அவர்களுக்குக் கூத்துப்பறம்பை நாம் சுட்டிக்காட்டுவது வழக்கம்.

அன்றைய சென்னைச் சட்டமன்றம் 375 உறுப்பினர்களைக் கொண்டது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழி பேசுவோரும் அதில் இருந்தனர். காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றுப் பெரும்பான்மை இழந்து நின்றது, இராஜாஜி முதலமைச்சரானார், 1954-இல் காமராஜர் வந்தார். எதிர்வரிசை வலுவாக அமைந்த மன்றம் அது. ஓர் இளம் வழக்கறிஞருக்கு அதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் கிடைத்திராது.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது. மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. பாலக்காட்டுத் தமிழர் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்கள் சேர்ந்த இராஜ்யம் மட்டும் மாறியது. கிருஷ்ணய்யர் தயங்கவில்லை. 1957 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவோடு, ஆனால் சுயேச்சையாகவே, தலைச்சேரியில் நின்று வென்றார். 126 இடங்களில் கம்யூனிஸ்டுகள் 60. அவர்களைச் சார்ந்த சுயேச்சைகள் ஐவர். அந்த ஐவர் இல்லையேல் ஆட்சியே இல்லை. ஏப்ரல் 5-ஆம் நாள் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாட்டின் தலைமையில் பதினொருவர் கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. கட்சி உறுப்பினர் அல்லாத கிருஷ்ணய்யரும் அதில் ஒருவர்.

அவருக்குக் கிடைத்த துறைகளுள் சட்டம், நீர்ப்பாசனம், மின்சாரம் இவற்றோடு சிறைத்துறையும் ஒன்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கைதியாக இருந்தவர் சிறைத்துறை அமைச்சரானார்! சிறையிலிருந்து வந்து அமைச்சரானோர் நம் நாட்டில் பலர் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் தாம் பட்ட துன்பத்தை மேடையில் பேசினர். சிறைச்சாலையை அப்படியே விட்டுவிட்டனர். இவர் கைதிகளின் உரிமைகளைச் சிறை விதிகளில் சேர்க்க முனைந்தார். ஏழைகளுக்கு அரசின் செலவில் வழக்கறிஞரை அமர்த்தித் தரும் சட்ட உதவித் திட்டத்தை அமைத்தார். வறியவர் வழக்கை இலவசமாக ஏற்று நடத்துவது ஒரு வழக்கறிஞரின் ஈகை. அதனை அரசின் கடமையாக விதியில் எழுதுவது வேறு. முன்னதைத் தலைச்சேரியில் செய்தவர் பின்னதைத் திருவனந்தபுரத்தில் செய்தார். பெண்களுக்கும் சிறாருக்கும் காப்பகங்கள், கூடுதல் நீதிமன்றங்கள் ஆகியனவும் அவர் காலத்தில் அமைந்தன.

நீர்ப்பாசனம் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தைப் பற்றிச் சென்னை அரசும் கேரள அரசும் பேசின. கோவை மாவட்டத்து நண்பர்கள் இங்குப் பலர் இருக்கின்றீர்கள்; பொள்ளாச்சியும் உடுமலையும் பல்லடமும் அந்நீரால் பெற்ற நன்மையை நாம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும். கேரளத்துச் சித்தூர் வட்டத்திற்குரிய பங்கும் குறையலாகாது. சித்தூரோ கிருஷ்ணய்யரின் சொந்தப் பாலக்காட்டைச் சேர்ந்தது. ஒருபுறம் காமராஜர் ஆட்சி, மறுபுறம் கம்யூனிஸ்ட் ஆட்சி. கேரளத்தின் நீர்ப்பாசன அமைச்சர் வீட்டில் தமிழ் பேசுகின்றவர்! இக்காலமாயின் இரு பக்கத்தாரும் அவரைத் துரோகி என்று சுவரொட்டி ஒட்டியிருப்பர். அன்று பேச்சு நடந்தது; இணக்கமும் ஏற்பட்டது. முறையான ஒப்பந்தம் 1970 மே 29-இல் தான் கையெழுத்தாயிற்று. எனினும் 1958 நவம்பர் 9 முதல் அது நடைமுறைக்கு வந்ததாகவே அதில் எழுதினர். சித்தூருக்கு ஆண்டுதோறும் 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி என்பது உடன்பாடு.

இங்கு ஒன்றை மறைத்தல் முறையன்று. அவ்வமைச்சரவையின் கல்விச் சட்டத்தையும் நிலச் சட்டத்தையும் எதிர்த்து 1959-இல் கேரளம் கொந்தளித்தது. அவ்வாண்டு ஜூன் 13-ஆம் நாள் அங்கமாலியில் காவலர் சுட்டதில் எழுவர் மாண்டனர். காவலரின் கொடுமையை எதிர்த்துச் சிறை சென்றவர் வீற்றிருந்த அமைச்சரவையின் காலத்தில் அது நடந்தது. அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு என்பதைச் சட்ட அமைச்சருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவரைப் போற்றும் நூல்கள் பல இவ்விடத்தில் விரைந்து பக்கத்தைப் புரட்டிவிடுகின்றன. நமக்கு அது உடன்பாடன்று. ஜூலை 31-இல் மத்திய அரசு அவ்வமைச்சரவையைக் கலைத்தது. கிருஷ்ணய்யர் மறுபடியும் கறுப்பு அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அடுத்து நடந்தது சுவையான பகுதி. 1960 தேர்தலில் மீண்டும் தலைச்சேரியில் நின்றார். வாக்குகளை எண்ணி முடித்தபோது மிகச் சில வாக்குகளால் தோற்றதாக அறிவித்தனர். ஆயிரக்கணக்கில் வாக்களித்த தொகுதியில் ஒரு தெருவின் வாக்குகளே முடிவு கட்டிவிட்டன. தோற்றவர் வழக்கமாகச் செய்வது அறிக்கை விடுதல். இவர் தேர்தல் வழக்குத் தொடுத்தார். தாமே மனுதாரராக, சாட்சிக்கும் வாய்தாவுக்கும் காத்திருப்பவராக, வழக்காடுவோரின் அல்லல் முழுவதையும் அனுபவித்தார். 1961-இல் அவரே வென்றவர் என்று தீர்ப்பாயிற்று, சட்டமன்றத்திற்குத் திரும்பினார். தம் வாக்கு ஒன்றினால் என்ன ஆகிவிடும் என்று தேர்தல் நாளன்று ஊர் சுற்றப் புறப்படும் நம் நண்பர்கள் தலைச்சேரிக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளந்தது. 1965 தேர்தலில் கிருஷ்ணய்யர் தோற்றார். இம்முறை வழக்கும் இல்லை. விந்தை என்னவெனில், வென்றவர்களும் மன்றத்தில் அமரவில்லை. எவருக்கும் பெரும்பான்மை இல்லாமையால் அச் சட்டமன்றம் ஒருநாளும் கூடாமலே கலைக்கப்பட்டது. அத்தோடு அவருடைய சட்டமன்ற வாழ்வு முடிவுற்றது. மொத்தமாகக் கணக்கிட்டாலும் சில ஆண்டுகளே. அமைச்சராக இருந்தது இருபத்தெட்டுத் திங்கள்கூட நிறையவில்லை.

1968-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1971-இல் சட்ட ஆணையத்தில் உறுப்பினர்; 1973-இல் உச்சநீதிமன்றம். அப்பொழுதுதான் அவருடைய அரசியல் வாழ்வு அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அமைச்சராயிருந்தவர் நடுநிலை வகிப்பாரோ என்று பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுள் ஒருவரான சோலி சொராப்ஜி, தம் எண்ணம் பிழை என்று பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். எதிர்த்தவர்மீதும் நமக்குக் குறையில்லை. அந்த ஐயம் இயல்பானதே. ஐயம் தீர்ந்தபின் அதைச் சொல்லும் துணிவு அரிது.

ஐயத்தைத் தீர்க்கும் நாள் 1975 ஜூன் 24. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் ஜூன் 12-இல் தீர்ப்பளித்திருந்தது. உச்சநீதிமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது. விடுமுறை நீதிபதியாக இருந்தவர் கிருஷ்ணய்யர் ஒருவரே. அன்றைய சட்ட அமைச்சர் தொலைபேசியில் அழைத்து நேரில் காண விரும்பியதாகவும், மனுவைப் பதிவகத்தில் கொடுத்தால் போதும் என்று தாம் மறுத்ததாகவும் அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பிரதமர் பதவியில் நீடிக்கலாம், அவைக்குச் செல்லலாம், ஆனால் உறுப்பினராக வாக்களிக்கலாகாது, அதற்குரிய ஊதியமும் பெறலாகாது என்று நிபந்தனைத் தடை வழங்கினார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை பிறந்தது. ஆளுங்கட்சியார்க்கும் மனநிறைவில்லை, எதிர்க்கட்சியார்க்கும் மனநிறைவில்லை. தேர்தல் வழக்கு என்றால் என்ன என்பதை மனுதாரராக நின்று அறிந்த ஒருவர் அன்று அந்த இருக்கையில் இருந்தார் என்பதை மட்டும் நாம் நினைவூட்டுகிறோம்.

அவருடைய தீர்ப்புகளின் ஆங்கிலத்தைப் பற்றி வழக்கறிஞர் உலகில் ஒரு கேலி உண்டு: ஒரு கையில் தீர்ப்பு, மறு கையில் அகராதி. கேலியில் உண்மை இல்லாமற் போகவில்லை. கூலிக்காரனுக்கு நியாயம் வழங்கும் தீர்ப்பைக் கல்லூரி ஆசிரியரும் இருமுறை படிக்க வேண்டியிருப்பது ஒரு குறையே. ஆயினும் பொருள் தெளிவானது. 1978-இல் சிறைக்கைதிகளின் உரிமை பற்றிய தீர்ப்பு. 1980-இல் கைவிலங்கு பற்றிய தீர்ப்பு. இவற்றைப் படிக்கும்போது அந்தப் பழைய கைதியும் சிறைத்துறை அமைச்சரும் ஒருங்கே தெரிகின்றனர்.

நம் பிள்ளையை மீட்ட தீர்ப்பும் 1978-ஆம் ஆண்டினதே. மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவரை ஜாமீனில் விடுமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. கீழ்நீதிமன்றமோ பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய தமையனார் முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தது. இதைக் கண்டித்துக் கிருஷ்ணய்யர் ஒரு கேள்வி எழுப்பினார். ஒரு மலையாளியோ கன்னடியரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தாரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதாகிவிட்டால், அவ்வூரில் சொத்துள்ளவரை எங்கே போய்த் தேடுவார் என்பது அக் கேள்வியின் சாரம். இத்தகைய மாவட்ட வேற்றுமை நாட்டின் ஒற்றுமையையே குலைக்கும் என்று கடிந்துரைத்தார். கொத்தனாரை ஆயிரம் ரூபாய்க்கு அவர் சொந்தப் பிணையிலேயே விடுவித்தார். சொந்த ஊரில் இருந்தோர்க்கு இக்கேள்வி தோன்றுதல் அரிது. கணவாய்க்கு அப்பால் குடியேறிய மக்களின் வழித்தோன்றலுக்குத் தோன்றியது.

1980-இல் ஓய்வு பெற்றார். 1987-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்றார். அவரை வென்றவர் பட்டுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த ஆர். வெங்கட்ராமன். இருவர் வீட்டு மொழியும் தமிழ். அந்த ஆண்டு நம்மவர் யார் பக்கம் நிற்பது என்று திகைத்ததை மூத்தவர்கள் நினைவு கூரலாம். அதே 1987-இல்தான் நாடு முழுதுக்குமான சட்ட உதவிச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றிற்று. அது நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9-இல். அதற்கு வழிகாட்டிய 1973-ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய குழுவின் தலைவர் கிருஷ்ணய்யரே. கேரளத்தில் அமைச்சராகத் தொடங்கியது அவ்வாறு டில்லி வரை வந்து சேர்ந்தது. ஓய்வுக்குப் பின் அவர் சென்னைக்கோ டில்லிக்கோ போய்விடவில்லை. கொச்சியில் வாழ்ந்து, நூறு வயதை ஒட்டி, 2014 டிசம்பர் 4-இல் மறைந்தார்.

நிறைவாக ஓர் அறிவிப்பு. செயற்குழுவின் இசைவோடு, நூலக மேசையில் வாக்காளர் பட்டியலுக்குரிய படிவங்களை வைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்வோர்க்குப் படிவம் 6. ஊரில் உள்ள பெயரை இவ்விடத்திற்கு மாற்றிக்கொள்ள விரும்புவோர்க்குப் படிவம் 8. முகவரிக்குச் சான்றாக மின்சார ரசீது அல்லது வாடகைப் பத்திரத்தின் படி வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ நிரப்ப இயலாத தாய்மார்களுக்கு நம் கல்லூரி மாணவர்கள் இருவர் உதவுவார்கள். இரவு உணவு முடியும் வரை அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.